நாங்கள்லாம் எழுபது பேரோட படிக்கலையா?

போன மாதம் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். (புனேக்கு வந்த பிறகு நான் தவறாமல் போகும் ஒரே கூட்டம் இதுதான். ஆபீஸ் மீட்டிங்குக்குக்கூட அவ்வப்போது டிமிக்கி கொடுப்பதுண்டு.) மூன்றாம் வகுப்பில் இப்போது 4 செக்‌ஷன். செக்‌ஷனுக்கு 30 பேர், மொத்தம் 120 பிள்ளைகள். அடுத்த வருடம் நாலாம் வகுப்புக்குப் போகும்போது இதே 120 பேரை 3 செக்‌ஷனாக்கிவிடப் போகிறார்களாம். செக்‌ஷனுக்கு 40. ஒரு டீச்சர் வேலையை விட்டுப் போகிறார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப் போவதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

"ஃபீஸும் அதே கணக்கில் குறையுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குஜராத்தி அம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மேடையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

பதிலுக்கு ஒரு ஸ்லைடு போட்டார்கள். வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கும் பிள்ளைகள் கற்பதற்கும் பெரிய தொடர்பில்லை என்று சர்வதேச ஆராய்ச்சிகள் சொல்கின்றன, ஆசிரியரின் தரம்தான் முக்கியம், ஷாங்காயைப் பாருங்கள் என்று வண்ணவண்ணமாக எழுதியிருந்தது. சட்டப்படி அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. சிபிஎஸ்இ விதி ஒரு செக்‌ஷனில் 40 வரை அனுமதிக்கிறது. சில விசேஷ காரணங்களுக்கு 45 வரை போகலாம் என்றும் 2023-இல் தளர்த்தினார்கள். ஆகவே யாரும் வழக்குப் போட முடியாது. வாயைத் திறக்கலாம், அவ்வளவுதான். அதைத்தான் இங்கே செய்கிறேன்.

எனக்கு அந்த ஸ்லைடு மேல்கூட அவ்வளவு கோபமில்லை. விற்பவன் தன் சரக்கைப் பற்றி அப்படித்தான் பேசுவான். கூட்டம் முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது நம்ம ஊர்க்காரர் ஒருவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. திருநெல்வேலிப் பக்கம், எனக்கு ஆறேழு வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஹிஞ்சவடியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அவர் மகனும் இதே மூன்றாம் வகுப்பு.

"தம்பி, எங்க வகுப்புல எழுபத்திரெண்டு பேரு. ஃபேன் கிடையாது, பாதிப் பேருக்கு பெஞ்சு கிடையாது. நான் படிச்சு மேல வந்துட்டேம்லா? நாப்பது பேருன்னா இவனுவளுக்கு என்ன கேடு?"

சுற்றி நின்ற நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் ஆமாம் ஆமாம் என்றன. ஒருவர் மதுரையில் 65 என்றார். இன்னொருவர் விழுப்புரத்தில் 80 என்றார். ஏலம் மாதிரி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நானும் பழக்க தோஷத்தில் "எங்க எட்டாம் வகுப்புல 68" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அந்த 68 பேரை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். 1994, எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன். முதல் இரண்டு வரிசைக்குத்தான் பாடம் நடக்கும். கணக்கு சார் நல்ல மனிதர், அடிக்க மாட்டார், ஆனால் அவர் பார்வை மூன்றாவது வரிசையைத் தாண்டாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குப் பின்னால் இருந்தது வகுப்பு இல்லை, ஜனக்கூட்டம். எனக்கு அப்பா தபால் ஆபீஸில் வேலை, வீட்டில் சொல்லிக்கொடுக்க அக்கா இருந்தாள், அதனால் இரண்டாவது வரிசை. அந்த 68 பேரில் கல்லூரி வாசலை மிதித்ததாக எனக்குத் தெரிந்து ஐந்து பேர். பத்தாம் வகுப்பு எழுத உட்கார்ந்தவர்களே பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லோருக்கும் தெரியும், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள்.

என் பக்கத்தில் உட்காருபவன் ஒருவன் இருந்தான். கபடியில் புலி. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்பில். எழுத்துக் கூட்டிக்கூட வராது. எல்லோரும் சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கும்போது வாயை மட்டும் அசைப்பான். பரீட்சையில் என் பேப்பரைச் சாய்த்துக் காட்ட வேண்டும், அதற்குக் கூலியாகப் பொட்டலத்தில் காராச்சேவு கொண்டுவருவான். சாத்தூர் சேவு, சும்மா சொல்லக்கூடாது, நானும் மூன்று வருஷம் தின்றேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது 68 பேரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். எந்த சாருக்கும் தெரியாது. ஒளிந்துகொள்வதற்கு அவ்வளவு பெரிய கூட்டம் வசதியாக இருந்தது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அவனைப் பார்த்தேன். நன்றாகப் பேசினான். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பேங்க் ஃபாரத்தை எடுத்து, கண்ணாடி கொண்டுவரவில்லை, கொஞ்சம் நிரப்பிக் கொடு என்றான். அவன் கண்ணாடி போடுபவன் இல்லை என்று எனக்குத் தெரியும். நிரப்பிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி, உங்கள் 72 பேரிலும் இப்படி ஒருவன் இருந்திருப்பான். ஒருவன் என்ன, முப்பது பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரும் புனேயில் பள்ளி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டு "நாங்கள்லாம் படிக்கலையா" என்று கேட்க மாட்டார்கள். கேட்கிற இடத்துக்கு வந்தவர்கள் நாம் மட்டும்தான். கப்பல் கவிழ்ந்தபோது கரையேறியவன், கடலில் ஆபத்தே இல்லை என்று சொல்கிற கதைதான் இது.

சரி, ஆராய்ச்சி என்கிறார்களே, அதைப் பார்ப்போம். அந்த ஸ்லைடு முழுப் பொய் இல்லை. அதுதான் எரிச்சல்.

இந்த விஷயத்தில் உலகத்தில் நடந்த மிகப் பிரபலமான சோதனை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கியது. ஸ்டார் என்று பெயர். 79 பள்ளிகள், நாலு வருடம், 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் மூன்று விதமான வகுப்புகளில் போட்டார்கள். முதல் வகை, 13 முதல் 17 பேர் இருக்கும் சின்ன வகுப்பு. இரண்டாவது, 22 முதல் 25 பேர் இருக்கும் வழக்கமான வகுப்பு. மூன்றாவது, அதே வழக்கமான வகுப்பு, ஆனால் ஆசிரியருக்குத் துணையாக முழுநேர உதவியாளர் ஒருவர். சின்ன வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் சுமார் மூன்று மாதம் கூடுதலாகப் பள்ளிக்கூடம் போனதற்குச் சமமான முன்னிலை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகம். பின்னாளில் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவர்களிலும் சின்ன வகுப்பில் படித்தவர்கள் அதிகம். உதவியாளர் வைத்த வகுப்பில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. எரிக் ஹனுஷெக் என்கிற பொருளாதார நிபுணர், நூற்றுக்கணக்கான கணக்கீடுகளைத் தொகுத்துப் பார்த்தால் வகுப்பின் அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் நிலையான தொடர்பு தெரியவில்லை என்று பல வருடமாகச் சொல்லி வருகிறார். ஆலன் குரூகர், நீங்கள் எண்ணிய விதமே தப்பு, ஒரே கட்டுரையிலிருந்து பல கணக்கீடுகளை எடுத்துத் தனித்தனி ஓட்டாக எண்ணினால் அந்தக் கட்டுரைக்குத்தான் கனம் கூடும் என்று சண்டைக்கு வந்தார். இஸ்ரேலில் 40 பேருக்கு மேல் போனால் வகுப்பைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு விதி. ஆகவே 41 பேர் சேர்ந்தால் இருபதும் இருபத்தொன்றுமாக இரண்டு வகுப்பாகிவிடும். இதை வைத்து ஆங்ரிஸ்ட், லாவி என்ற இருவர் 1999-இல் சின்ன வகுப்பு நல்லது என்று நிரூபித்தார்கள். அதே ஆட்கள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு 2019-இல் புதிய தகவல்களோடு திரும்பிப் போய், இப்போது பலன் தெரியவில்லை என்று தாங்களே எழுதினார்கள். (தான் சொன்னதைத் தானே மறுத்து எழுதும் நேர்மை நம்ம ஊர் நிபுணர்களிடம் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டால் சண்டை வரும். விடுங்கள்.)

கலிஃபோர்னியாவில் 1996-இல் சின்ன வகுப்புகளை 20 பேராகக் குறைக்கிறோம் என்று மாநிலம் முழுக்க ஒரே மூச்சில் இறங்கினார்கள். அத்தனை வகுப்புக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எங்கே கிடைப்பார்கள்? தகுதிச் சான்று இல்லாதவர்களையும் சேர்த்தார்கள். அதிலும் ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்குத்தான் அடி, அனுபவசாலிகள் நல்ல இடம் பார்த்து நகர்ந்துவிட்டார்கள். கென்யாவில் 80 பேர் வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான அரசு ஆசிரியர் இருந்த பாதியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை, ஒப்பந்த ஆசிரியர் இருந்த பாதியில் இருந்தது. கூடுதல் ஆள் வந்ததும் பழைய ஆள் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

இதெல்லாம் ஸ்லைடுகாரர்களுக்குச் சாதகம்தானே என்கிறீர்களா? பொறுங்கள். நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு பால்சகி என்று ஒரு திட்டம் நடத்தியது. மூன்றாம், நாலாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகள் 15, 20 பேரைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப்போய், அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு இதை அளந்து 2007-இல் வெளியிட்டது (இருவரும் 2019-இல் நோபல் வாங்கியவர்கள்). தனியாகப் போன பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் கவனியுங்கள், அவர்கள் வெளியே போன இரண்டு மணி நேரமும் வகுப்பில் மிச்சமிருந்தவர்களுக்குக் கூட்டம் குறைந்தது அல்லவா? அவர்களுக்குப் பலன் ஒன்றும் தெரியவில்லை. அதே ஆசிரியர், அதே பாடம், அதே வேகம், காலி பெஞ்சு மட்டும் கூடுதல்.

இதிலிருந்து ஸ்லைடு எடுத்துக்கொள்வது, எண்ணிக்கை முக்கியமில்லை என்று. எனக்குத் தெரிவது வேறு. 30 என்பது மந்திரம் இல்லை, 30 பேரை வைத்துக்கொண்டும் கரும்பலகையைப் பார்த்தே பேசலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பிக்கிற காரியத்தை யாராவது 15, 20 பேரை வைத்துத்தான் செய்கிறார்களே தவிர, 60 பேரை வைத்துக்கொண்டு செய்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. பிரதமே ஏன் பால்சகியிடம் அறுபது பேரை ஒப்படைக்கவில்லை? கூட்டம் குறைவது ஒரு வசதி. அந்த வசதியைப் பயன்படுத்தினால் பலன், பயன்படுத்தாவிட்டால் இல்லை. வகுப்பளவு பலன் தரும் பட்டியலில் கீழே இருக்கிறது என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் ஜான் ஹாட்டியும் இதைத்தான் சொல்கிறார், கூட்டம் குறைந்த பிறகும் ஆசிரியர்கள் பழையபடியே நடத்துவதால்தான் பலன் சின்னதாக இருக்கிறது என்று. அந்தப் பாதியை ஸ்லைடில் போட இடமில்லை போலிருக்கிறது.

இப்போது என் வீட்டுக் கதை. இதுதான் எனக்கு நெஞ்சில் குத்துவது.

கோவையிலிருந்து நாங்கள் புனே வந்தபோது மகள் இரண்டாம் வகுப்பு. வேறொரு பள்ளி, வகுப்பில் 43 பேர். இவளுக்குத் தமிழ் தெரியும், பாலர் பள்ளி இங்கிலீஷ் தெரியும். ஆங்கில மீடியம் என்று பேர், ஆனால் விளக்கம் எல்லாம் ஹிந்தியில்தான் (அது தப்பென்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில்தானே சொல்ல வேண்டும்). இது போக மராத்தி வேறு. ஏப்ரலில் சேர்த்தோம். முதல் ரிப்போர்ட் கார்டில் "அமைதியான, ஒழுக்கமான குழந்தை" என்று எழுதியிருந்தார்கள். நானும் என் மனைவியும் பெருமைப்பட்டு ஊருக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம். வீட்டில் வாய் மூடாத பிள்ளை வகுப்பில் எப்படி அமைதியாக இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. படித்த முட்டாள்கள்.

கணக்கு நோட்டைத் தற்செயலாகப் புரட்டியபோது 302-இல் 147 போனால் 245 என்று போட்டிருந்தாள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறாள், கடன் வாங்குவது என்றால் என்னவென்றே தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் அதே மாதிரி ஆறு கணக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கீழே சிவப்பு மையில் ஒரு பெரிய டிக்.

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு இந்தப் பள்ளிக்கு மாற்றினோம். 30 பேர். இரண்டாவது வாரமே டீச்சர் போன் செய்தார். "உங்கள் பெண்ணுக்குப் பாடம் புரியவில்லை, தெரியுமா? புரிகிறதா என்று கேட்டால் தலையாட்டுகிறாள். ஆனால் பக்கத்துப் பிள்ளை ஆட்டிய பிறகுதான் ஆட்டுகிறாள்." ஏழு மாதமாக யாரும் பார்க்காததை இந்த அம்மா இரண்டு வாரத்தில் பார்த்துவிட்டார். வாயை மட்டும் அசைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஞாபகத்துக்கு வந்தான். காராச்சேவு தின்றவன் வீட்டிலேயே அது வந்து நின்றது.

"அப்போ டீச்சர்தான் வித்தியாசம், எண்ணிக்கை இல்லையே" என்பீர்கள். அண்ணாச்சியும் அதைத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பழைய டீச்சரை டிமார்ட்டில் சந்திக்கும் வரை. என்னை அடையாளம் கண்டு அவரே வந்து மகளைப் பற்றி விசாரித்தார். நல்ல பெண், சின்ன வயது. 43 பேரின் பெயர் மனதில் பதியவே கணபதி விழா ஆகிவிடும் என்றார். இங்கிலீஷ், கணக்கு, சூழலியல் மூன்றும் அவர்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேர், ஆளுக்கு மூன்று நோட்டு, நோட்டுக்கு 2 நிமிடம் என்றால் 3 மணி நேரம். 40 பேர் என்றால் 4 மணி நேரம். 43 என்றால் நாலேகால் மணி நேரத்துக்கும் மேல். வீட்டில் அவருக்கும் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தச் சிவப்பு டிக் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போட்ட டிக். நான் அவரிடம் 245 பற்றி எதுவும் சொல்லவில்லை.

"ஆசிரியரின் தரம்தான் முக்கியம்" என்கிற பேச்சில் இருக்கும் சூது இதுதான். ஒருவர் தலையில் பத்துப் பேரைக் கூடுதலாக ஏற்றிவிட்டு, பாரம் தாங்காவிட்டால் உன் தரம் சரியில்லை என்பது.

நம் குடும்பங்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. ஊரில் இருந்தால் பிள்ளைக்குப் புரியாததை அத்தை கண்டுபிடிப்பாள், பக்கத்து வீட்டு மாமா கண்டுபிடிப்பார், வகுப்பு டீச்சரே அம்மாவோடு படித்தவராக இருப்பார். இங்கே வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, மைதானத்தில் ஒரு மொழி. புரியவில்லை என்று சொல்லக்கூட அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது மொழி தேவைப்படுகிறது. வகுப்பில் ஒருவர் அதன் முகத்தைப் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 40 நிமிட பீரியடில் 40 பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். அதுவும் வருகைப் பதிவு எடுக்காமல், யாரும் பாத்ரூம் கேட்காமல் இருந்தால்.

அப்புறம் இந்த விகிதாச்சாரம் என்கிற மாயக்கணக்கு. எங்கள் பள்ளி விளம்பரப் பலகையில் ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:20 என்று போட்டிருக்கிறது. எப்படி என்று விசாரித்தேன். பி.டி. சார், பாட்டு மிஸ், நூலகர், எல்லோரையும் கூட்டி மாணவர் எண்ணிக்கையை வகுத்திருக்கிறார்கள். அது பள்ளியின் கணக்கு. என் மகள் உட்காரும் அறையின் கணக்கு 40. அரசாங்கக் கணக்கிலும் இந்தக் குளறுபடி உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது, 200 பேருக்கு மேல் போனால் 40 வரை விடுகிறது, ஆறு முதல் எட்டு வரை 35. தேசிய சராசரியைப் பார்த்தால் நாம் எங்கேயோ போய்விட்டோம். 2024-25 அரசுக் கணக்கின்படி மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 13 பேருக்கு ஓர் ஆசிரியர்! ஆனால் அதே கணக்கில்தான் நாட்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகளும், அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்கு 32, 33 பேர், தாளில் கிட்டத்தட்ட சட்டப்படி. அறைக்குள்ளே போனால் ஒரே மனிதர் ஐந்து வகுப்பையும் ஒரே நேரத்தில் மேய்த்துக்கொண்டிருப்பார்.

பெரிய வகுப்பைச் சமாளிக்கும் வித்தையே நம் ஊரிலிருந்து போனதுதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர், அவருக்குக் கீழே மூத்த பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளை. 1789 முதல் எழும்பூரில் ராணுவ அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடைமுறைப்படுத்தினார். ஊர் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மேய்க்கலாம், செலவு மிச்சம் என்று பரவியது. ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்று பெயர் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அந்த முறை யாருடைய பிள்ளைகளுக்கு என்று பாருங்கள். ஏழைகளின் பிள்ளைகளுக்கு. பிரபுக்கள் தங்கள் பிள்ளைக்கு வீட்டோடு தனி ஆசிரியர் வைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் அதேதான். அண்ணாச்சி மகன் சாயங்காலம் கணக்கு டியூஷன் போகிறான். ஏன் அந்த இடம் என்று ஒருமுறை கேட்டேன். "பேட்ச்சுக்கு எட்டே பேருதான் தம்பி, தனித்தனியா கவனிக்கிறாவ" என்றார். காலையில் 40 பேர் இருந்தால் கேடில்லை, சாயங்காலம் 8 பேர் இருந்தால்தான் கவனிப்பு! எண்ணிக்கை முக்கியமா இல்லையா என்பதற்கு ஹனுஷெக்கும் குரூகரும் வேண்டாம், நம் பர்ஸே பதில் சொல்லிவிட்டது. பள்ளியில் சேமித்த ஒரு டீச்சர் சம்பளத்தை 120 வீடுகளும் தனித்தனியாக டியூஷனுக்குக் கொடுக்கப் போகிறோம். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை (எங்கள் வகுப்பிலும் இருக்கிறது, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகள்) என்ன செய்யும்? அமைதியான, ஒழுக்கமான குழந்தை என்று பேர் வாங்கும்.

ஷாங்காய் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. அங்கே வகுப்பு பெரிதுதான், ஆனால் ஓர் ஆசிரியர் நாளைக்கு இரண்டு மூன்று பாடவேளைதான் எடுக்கிறார், மிச்ச நேரம் நோட்டுத் திருத்தவும் தயார் செய்யவும். எங்கள் டீச்சருக்கு ஒரு நாளைக்கு ஆறு பீரியட். ஷாங்காய் வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பெரிய வகுப்புக்குப் பேர்போன ஜப்பானே தொடக்கப் பள்ளி வகுப்பின் உச்சவரம்பை 40-இலிருந்து 35 ஆக்க 2021-இல் சட்டம் திருத்தியது.

எங்கள் எதிர்ப்பைப் பார்த்து நிர்வாகம் இறங்கி வந்து ஒன்று சொன்னது. 40 பேர் வகுப்பில் டீச்சருக்குத் துணையாக ஓர் உதவியாளரைப் போடுகிறோம் என்று. டென்னசியின் மூன்றாவது வகை! 1985-இலேயே செய்து பார்த்து, சொல்லும்படி எதுவும் நடக்காத அதே ஏற்பாடு. உதவியாளர் நோட்டு அடுக்குவார், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பார், பாத்ரூமுக்குக் கூட்டிப்போவார். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டும் பிள்ளையை அவர் கண்டுபிடிக்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

நாங்கள் ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு முடியும் வரை நாலு செக்‌ஷன் அப்படியே இருக்க வேண்டும். அது முடியவே முடியாது என்றால், அந்த உதவியாளர் சம்பளத்தோடு கொஞ்சம் சேர்த்து முறையான ஆசிரியர் ஒருவரை எடுத்து, பின்தங்கும் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் 15 பேர் கொண்ட குழுவாகத் தனியாகக் கூட்டிப்போக வேண்டும். அதோடு ஒவ்வொரு டெர்மிலும் எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று மதிப்பெண் இல்லாமல், வாக்கியமாக, வீட்டுக்கு எழுதித் தர வேண்டும். இந்த மூன்றாவதை முதலில் எழுதச் சொன்னது மகளின் டீச்சர். பெயர் வேண்டாம் என்றார்.

120 வீட்டில் இதுவரை 31 கையெழுத்து. அதில் தமிழ் வீடு நாலு. குஜராத்தி அம்மா தனி ஆளாகப் பன்னிரண்டு வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை கொடுக்கிறோம். அண்ணாச்சியிடம் நேற்று மறுபடி போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தக் கபடிக்காரன் பேரு என்ன தம்பி?"

சொன்னேன். பேனா இருக்கா என்றார்.